வஸீலாவின் மூன்று மேசைகள்

வஸீலா மீன் சாப்பிடுவதை நிறுத்தி எட்டு வருஷம் ஆகிறது. இத்தாலிக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் பிறந்த ஒருத்தி மீனைத் தொடமாட்டேன் என்றால் ஊர் சும்மா விடுமா? நோன்புப் பெருநாள் காலையில் எங்கள் வீடுகளில் முதல் சாப்பாடே உப்புமீன்தான். வெங்காயமும் உலர்ந்த திராட்சையும் போட்டு மணிக்கணக்காகக் கிண்டிய ஷர்மூலாவை அதற்குத் தொட்டுக்கொள்வோம். வஸீலா ஷர்மூலாவை மட்டும் ரொட்டியில் தொட்டுத் தின்றுவிட்டு மீன் தட்டை அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். "என்னடி, கடலோட கோவமா?" என்று அக்கா நஜ்லா வருஷா வருஷம் கேட்பாள். கடலுக்குள் எது எதைத் தின்கிறது என்பதை வேலை நேரத்தில் பார்ப்பவள், பெருநாள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னத்தைச் சொல்வாள்?

வயது நாற்பத்து மூன்று. குள்ளம். கண்ணாடியை ஒரு கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கல்யாணம் ஒன்று நடந்து மூன்று வருஷத்தில் முடிந்தும் போனது. யார்மேல் தப்பு என்று கிளறினால், "ரெண்டு பேருக்கும் பேச்சு ஒத்துவரல" என்பதோடு வாயை மூடிக்கொள்வாள். வீட்டுக்கு வீடு இணையம் வராத காலத்தில் கிரெம்தா சாலையில் ஓர் இணையக் கடையைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டு கணினி. எல்லாவற்றையும் தானே கழற்றி, தானே மாட்டி, தானே திட்டி ஓட்டினாள். ஆளுக்கொரு கைப்பேசி வந்ததும் கடை படுத்துவிட்டது. அப்போதுதான் அதே சாலையில், ஒரு பல் டாக்டரின் மாடியில் இருந்த சங்கத்தில் பெயர்ப் பட்டியல் தட்டச்ச ஆள் வேண்டும், இரண்டு வாரம்தான் வேலை என்றார்கள். இவள் போனாள். அந்த இரண்டு வாரம்தான் எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

என்ன பட்டியல் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் 'எரிச்சுட்டான்' என்றால் எதையும் கொளுத்திவிட்டான் என்று அர்த்தமில்லை. வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் இத்தாலிக்குப் படகேறிவிட்டான் என்று அர்த்தம். எரித்துவிட்டுப் போனவர்களில் போய்ச் சேர்ந்தவன் மறுவாரம் போன் பண்ணுவான். சேராதவனைத் தேடி அவன் அம்மா சங்கத்துக்கு வருவாள். ஆஸ்பத்திரியின் பிணவறையிலிருந்து கரை ஒதுங்கிய மையித்துகளின் படங்கள் எண் போட்டு வரும். அம்மா சொல்வதையும் படத்தில் இருப்பதையும் சேர்த்துப் பார்ப்பது வஸீலாவின் வேலை. சேர்ந்தால், அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, கன்னத்தின் உள்பக்கம் ஒரு பஞ்சுக்குச்சியைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். மரபணுச் சோதனை ஒத்துப்போனால் கபர்க் கல்லில் பெயர் எழுதுவார்கள். அம்மா மறுத்துவிட்டால் எண்தான்.

இதைச் செய்ய வஸீலா கணினியில் மூன்று மேசை போட்டிருந்தாள். இந்தக் கால இயங்குதளம் எதுவானாலும் ஒரே திரைக்குள் பல மேசைத்திரைகளை வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் திறந்தது இன்னொன்றில் தெரியாது. ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் அடுத்ததற்குப் போகலாம். முதல் மேசையில் விண்ணப்பப் படிவம். இரண்டாவதில் துணிமணி: சட்டை, இடுப்புவார், செருப்பு, கையில் கட்டிய கயிறு. மூன்றாவதில் முகம். கோப்புறையில் வைத்தால் ஆகாதா என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். கோப்புறையைத் திறந்தால் குட்டிக் குட்டிப் படமாக எல்லா முகமும் வரிசை கட்டி நிற்குமே, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் பெற்றவளாயிற்றே! திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளவும் வஸீலா ஒத்துக்கொள்ளமாட்டாள். எதையோ மறைக்கிறாள் என்று அம்மாக்கள் நினைத்துவிட்டால் அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் வாங்க முடியாது.

முதலில் பேச்சு, அடுத்து துணி. இந்த வரிசையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. துணியைக் காட்டினால் அம்மாவே விரலை நீட்டி, "இது நான் வாங்கிக் குடுத்தது" என்பாள். யாரும் அவளிடம் சாவைச் சொல்வதில்லை, அவள்தான் நமக்குச் சொல்கிறாள். சொன்ன பிறகு அழுவாள், கையெழுத்துப் போடுவாள், குச்சிக்கு வாயைத் திறப்பாள். முகத்தைக் கேட்டால் வஸீலா மூன்று முறை வேண்டாம் என்பாள். நாலாவது முறையும் கேட்டால்தான் மூன்றாவது மேசை. கடலில் பல வாரம் கிடந்த முகத்தை முதலில் பார்க்கிறவள் அதில் தன் பிள்ளையைக் காணமாட்டாள். காணவும் முடியாது. பக்கத்து ஊர்ச் சங்கத்தில் அப்படித்தான் எத்தனையோ பேர் எண்ணோடு புதைந்தார்கள். வஸீலாவிடம் இருநூறு குடும்பத்துக்கு மேல் வந்துபோயிருக்கிறது. ஒருத்திகூட முகத்தை முதலில் பார்த்ததில்லை.

பழைய கணினியில் இருந்தது லினக்ஸ். அதை அவள் அரபு மொழியில் வைத்திருந்தாள். ஊரில் பாதிப்பேர் கணினியைப் பிரெஞ்சில்தான் வைத்திருப்பார்கள், அவளுக்கும் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பக்கத்தில் உட்காரும் அம்மாவுக்கு எதையாவது எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தால் கொஞ்சம் தெம்பு வரும் என்று நினைத்தாள். அரபு வலமிருந்து இடமாக ஓடுவது, அதனால் எழுத்து மட்டும் மாறாது, வீடே திரும்பி நிற்கும். முதல் மேசை வலது ஓரத்தில். துணி அதற்கு இடது பக்கம். முகம் இன்னும் இடது பக்கம். அம்மா தடுமாறினால் வலது அம்பைத் தட்டினால் போதும், படிவத்துக்கு வந்துவிடலாம். எட்டு வருஷம் அவள் கை அப்படித்தான் பழகியது.

போன குளிர்காலத்தில் அந்தக் கணினி ஒரேயடியாக அணைந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஓர் அமைப்பு புது மேக் கணினி ஒன்றை அனுப்பியது. ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று கூடவே ஒரு கடிதம். ஐந்து நிமிஷமாம்! வஸீலா ஒரு கட்டம்போட்ட நோட்டை எடுத்து, மூன்று பத்தி பிரித்து, ஒரு வாரம் உட்கார்ந்தாள். ஒன்றில் செத்துப்போன லினக்ஸ், ஒன்றில் ஆஸ்பத்திரிக் கணினியில் அவள் தட்டிப் பார்த்திருந்த விண்டோஸ், ஒன்றில் இந்தப் புது மேக். சங்கத்தலைவர் லஸாத், ஊர் மரியாதைக்கு 'சி' சேர்த்துச் சி லஸாத், எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன வஸீலா, மூணு மாப்பிள்ளைய வச்சுப் பொருத்தம் பாக்கிறியா?" என்றார். "பாத்துக் கட்டாததோட பலன எனக்குத் தெரியாதா சி லஸாத்" என்றாள் தலையைத் தூக்காமல்.

அந்த நோட்டை நானும் பார்த்திருக்கிறேன். விண்டோஸில் ஒரு மேசையை மூடினால் அதிலிருந்ததெல்லாம் பக்கத்து மேசையில் வந்து விழும் என்று எழுதி, பக்கத்தில் 'ஆபத்து' என்று போட்டிருந்தாள். மேக்கிலும் அதே கதை. லினக்ஸில் காலியான மேசைதான் மறையும், படம் திறந்திருக்கும் மேசையை யாரும் மூட முடியாது, 'நல்ல பிள்ளை'. மேக்கில் கீழே இருக்கும் படங்காட்டியின் சின்னத்தைத் தெரியாமல் தொட்டால், படம் எந்த மேசையில் இருக்கிறதோ அங்கேயே இழுத்துக்கொண்டு போய்விடும். அதைத் தேடிப் பிடித்து நிறுத்தினாள். கடைசியாகப் பயன்படுத்திய மேசையை அதுவாகவே முன்னால் நகர்த்தி வைக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. அமைப்புகளுக்குள் நுழைந்து அதையும் நிறுத்தினாள். விண்டோஸில் மேசைக்குப் பெயர் வைக்கலாம், மேக்கில் எண்தான். சரி போகட்டும் என்று ஒவ்வொரு மேசைக்கும் ஒவ்வொரு நிறத்தில் பின்புலம் வைத்தாள். முகத்துக்குக் கறுப்பு.

கடைசி வரிதான் சிவப்பு மையில் இருந்தது. 'திசை'. புதுக் கணினி பிரெஞ்சில் இருந்தது. முதல் மேசை இடது ஓரம், முகம் வலது ஓரம். எல்லாம் தலைகீழ். அரபுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று சி லஸாத்திடம் கேட்டாள். அனுப்பியவர்களின் ஆள் தொலைவிலிருந்து உள்ளே வந்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும், அவனுக்குப் பிரெஞ்சுதான் தெரியும், ரெண்டு மாசம் பொறுத்துக்கோ என்றார் அவர். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது, கொடுத்த வாக்கு. வஸீலா வாதாடவில்லை. ஆள் வராத நேரத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நாளைக்கு நூறு தடவை போய்வந்து பழகினாள். இடது, படிவம். வலது, முகம். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். இரண்டு குடும்பம் வந்துபோனது, ஒரு பிசகும் இல்லை.

மார்ச் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மக்னாஸி பக்கத்துக் கிராமத்திலிருந்து மப்ரூக்கா வந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகன், நிதால், பத்தொன்பது வயது. நவம்பரில் எரித்துவிட்டுப் போனவன். இத்தாலியில் ஏதோ சிறையில் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சொல்வதற்கு என்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது? போனில் விவரம் கேட்டபோதே அவள் ஒன்று சொல்லியிருந்தாள். பையனின் ஜீன்ஸ் இடுப்பில் தளர்ந்துபோனது, பின்பக்கம் பிடித்துத் தைத்தேன், நீல நூல் வீட்டில் இல்லை, பச்சை நூலால் தைத்தேன் என்று. அன்றைக்கே வஸீலா பட்டியலைத் துழாவினாள். ஜனவரியில் கெர்க்கென்னா கரையில் ஒதுங்கிய நூற்றுப் பதினேழாம் எண். பச்சை நூல். போனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எட்டு வருஷம் ஆனால் அழுகை வராது என்று யார் சொன்னது?

மப்ரூக்கா வந்து உட்கார்ந்தாள். மருதாணி மங்கிய கை, மடியில் ஒரு துணிமூட்டை. அதில் வஸீலாவுக்கென்று வீட்டு ரொட்டியும் ஒரு புட்டி ஆலிவ் எண்ணெயும் கொண்டுவந்திருந்தாள். தேநீர் கொடுத்தார்கள், குடித்தாள். வருகிற அம்மாக்களை வஸீலா 'ஹால்த்தி' என்பாள், பெரியம்மா என்று அர்த்தம்.

"கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன் மகளே. நீயே பாத்துச் சொல்லிடேன்."

"நீங்கதான் பாக்கணும், ஹால்த்தி. பெருசா பண்ணிக் காட்டறேன். நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

படிவம் முடிந்தது. வஸீலா வலது அம்பைத் தட்டி இரண்டாவது மேசைக்குப் போனாள், சரியாகவே போனாள். முதலில் செருப்பு. தெரியவில்லை என்றாள் மப்ரூக்கா. சட்டை. இது மாதிரி எல்லாப் பிள்ளைகளும் போடுகிறார்கள் என்றாள். அடுத்தது ஜீன்ஸின் இடுப்புப் பகுதி. மப்ரூக்கா மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். வலது கை மடியிலிருந்து எழும்பி, விரல் அந்தத் தையலை நோக்கிப் போய், தொடாமல் பாதியில் நின்றது. உதடு எதையோ சொல்லப் பிரிந்தது. இன்னும் ஒரு மூச்சுதான். அந்த ஒரு மூச்சைப் பொறுத்துக்கொண்டிருந்தால் அவள் வாயால் வந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து மப்ரூக்காவின் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாற்காலியிலிருந்து விழுந்துவிடுவாள்போல இருந்தது. வஸீலாவின் இடது கை அவள் தோளைப் பிடித்தது. வலது கை, படத்தை மறைத்துப் படிவத்துக்குப் போகலாம், கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாம் என்று எட்டு வருஷம் செய்ததைச் செய்தது. வலது அம்பு.

கறுப்புப் பின்புலத்தில் நூற்றுப் பதினேழின் முகம் திரை முழுக்க வந்து நின்றது. நாலாவது தடவை கேட்டால் தேட வேண்டாமே என்று காலையிலேயே பெரிதாகத் திறந்து வைத்திருந்தாள், பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம். என்ன நடந்தது என்று அவளுக்கே உறைக்கவில்லை. பழைய வீட்டில் அந்தப் பக்கம்தானே வாசல், இன்னும் ஒரு தடவை வலது பக்கமே தட்டினாள். அதற்கு மேல் அந்தப் பக்கம் மேசை கிடையாது. முகம் அசையாமல் நின்றது. அப்புறம்தான் இடது பக்கம் தட்டினாள். எல்லாம் சேர்ந்து நாலு வினாடி இருக்கும்.

மப்ரூக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இது என் பிள்ளை இல்ல" என்றாள்.

வஸீலா தையலை மறுபடி காட்டினாள், கெஞ்சுகிற மாதிரி. "ஹால்த்தி, இத ஒரு தடவ பாருங்க. நீங்க போன்ல சொன்னீங்களே, பச்சை நூலு..."

"பச்சை நூலு ஒலகத்துல வேற யார் வீட்லயும் இல்லியா மகளே?"

"குச்சிய மட்டும் ஒரு தடவ வாயில வச்சுக் குடுத்துருங்க. அவன் இல்லன்னா இல்லன்னே வந்துரும். மனசுக்கும் நிம்மதி."

"அவன் இல்லாதப்ப எதுக்கு? நிதால் செவப்பா இருப்பான். மொகம் சின்னதா இருக்கும், எங்கம்மா மாதிரி." அவள் மூட்டையைக் கட்டினாள். எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். வாசல்வரை வந்த வஸீலாவின் கன்னத்தைத் தட்டி, நீ மெலிஞ்சு கெடக்க, ரொட்டிய எண்ணெயில தொட்டுச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு, மக்னாஸிக்குப் போகும் வேனைப் பிடிக்க இறங்கிப் போனாள். கோபமே இல்லை. கோபப்பட்டு நாலு வார்த்தை வைதிருந்தால்கூட வஸீலா தாங்கியிருப்பாள்.

தேநீர்க் கோப்பை மேசைமேல் இருந்தது. விளிம்பில் மப்ரூக்காவின் உதடு பட்ட தடம். வஸீலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சி லஸாத் அவள் பார்வையைப் பார்த்துவிட்டார்.

"அது ஆகாது வஸீலா. கையெழுத்து இல்லாம சோதனைக்கூடத்துல வாங்க மாட்டான். வாங்கினாலும் தப்பு."

"தெரியும்."

"மறுக்கற அம்மா இல்லாமலா? எல்லா எடத்துலயும் நடக்கறதுதானே."

"என்கிட்ட நடந்ததில்ல, சி லஸாத். அவ சொல்ல வந்துட்டா. வாயத் தெறந்துட்டா. நான்தான் மூடிவிட்டேன்."

அவர் அதற்குமேல் ஆறுதல் சொல்லவில்லை, நல்ல மனுஷன். வஸீலா கோப்பையை எடுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தாள். திரும்பிவந்து யாரையும் கேட்காமல் கணினியை அரபுக்கு மாற்றினாள். அணைந்து எழுந்தபோது எல்லாம் வலதுபக்கம் வந்து நின்றது. தொலைவிலிருந்து சரிபார்க்கிற ஆள் மறுவாரம் ஒன்றும் புரியாமல் கடிதம் எழுதினான். சி லஸாத்தே பதில் எழுதிச் சமாளித்துக்கொண்டார்.

அப்புறம் மூன்று தடவை மக்னாஸிக்கு நேரில் போனாள். ஒவ்வொரு தடவையும் பையில் அந்தக் குச்சியும் தாளும் இருந்தன. ஒவ்வொரு தடவையும் மப்ரூக்கா கோழி அடித்துக் குஸ்குஸ் பொங்கினாள், நிதாலின் பள்ளிக்கூடப் படங்களைக் காட்டினாள், இத்தாலிச் சிறைகளின் பெயர்களை உச்சரிக்கப் பழகியிருந்தாள். குச்சியைப் பற்றி எடுத்தால் காது கேட்காதவள்போல எழுந்து போய்க் கோழிகளுக்குத் தீனி போட்டாள். தையலைப் பற்றி வஸீலா மறுபடி வாயெடுக்கவில்லை. எடுத்தால் இந்த வீட்டு வாசலும் அடைத்துப்போகும் என்று பயந்தாள்.

ஜூன் மாசம் பிணவறையில் இடமில்லை என்று அரசு வக்கீலின் உத்தரவு வந்தது. பதினோரு மையித்துகளை ஒரே நாளில் அடக்கினார்கள். வஸீலாவும் மையவாடிக்குப் போனாள். ஆண்கள் தொழுது முடிக்கும்வரை மதிலோரம் நின்றாள். நூற்றுப் பதினேழு கடைசி வரிசையில். சிமெண்ட் பலகையில் எண்ணும் தேதியும் மட்டும். நிதால் என்ற பெயரை அவளும் இமாமும் ஒரு துஆவில் முணுமுணுத்தார்கள். சட்டப்படி அதுவும் கூடாதாம்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சங்கத்துக்கு போன் வந்தது. மப்ரூக்கா செவ்வாய் தவறாமல் கூப்பிடுவாள். இத்தாலியிலிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பாள், இல்லை என்றால் சரி மகளே என்று வைத்துவிடுவாள். அன்றைக்கு வைக்கவில்லை. பின்னால் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன.

"அன்னிக்கு ஒரு பிள்ளையக் காட்டினியே. அவனோட அம்மா வந்துட்டாளா?"

வஸீலா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் வரல, ஹால்த்தி."

"வருவா. எங்க போயிடப்போறா." மப்ரூக்காவின் குரல் இறங்கியது. "அவ வந்தா, எனக்குக் காட்டின மாதிரி எடுத்த எடுப்புல மொகத்தக் காட்டிடாத மகளே. தாங்கமாட்டா."

"சரி, ஹால்த்தி" என்றாள் வஸீலா.